வலது பக்கம் இறங்கும் கோடு

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ராஜகுமாரி துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் அடித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சாவு வீடு என்று தெரிந்தும் ஹாரன் அடிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் போர்ட் பிளேரின் இந்த மின்னி பே பக்கத்து ஆளும் இல்லை. பெரிய வீடுகள் இருக்கும் மரைன் ஹில்லிலிருந்து இறங்கி வருகிறவர்.

“கான்ட்ராக்டர் சார்!” என்று அருண்பிரசாத் துள்ளி எழுந்தான்.

விடியற்காலை மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது அவனை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. கணவன் ஓடிய திசையைப் பார்க்காமல் ராஜகுமாரி முடிச்சை இறுக்கினாள்.

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை. அதுதான் கடை. வண்டிகளுக்கு நம்பரும் சாமி படமும் ஒட்டிக்கொண்டிருந்த அருண்பிரசாத், இரண்டு வருடமாகக் கார்களுக்கு முழுச் சட்டை போடுகிறான். இப்போது அங்கே நிற்பது கான்ட்ராக்டர் பக்தவத்சலத்தின் பெரிய வண்டி. வெள்ளை வண்டியாக வந்தது. உடம்பு முழுக்கக் குரோம் ஸ்டிக்கர் ஒட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியாக்கியிருந்தார்கள். மெயின்லேண்டில் எவனோ ஒரு பணக்காரன் இப்படி வைத்திருப்பதை போனில் பார்த்துவிட்டு, அந்தமானில் முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று கான்ட்ராக்டர் ஆசைப்பட்டார். வண்டி நீளம்; கொட்டகை சின்னது. பின்பாதி வெளியே நீட்டிக்கொண்டு மூன்று நாளாக மழையில் நனைந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அந்த வண்டி வசதியாகப் போயிற்று. செருப்பைக் கழற்றுகிற சாக்கில் பக்கத்தில் ஒதுங்கி, முந்தானையைச் சரிசெய்து, மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டு அமிர்தவல்லி ஒப்பாரி வைத்து முடித்து வெளியே போய், பொட்டு கலையவில்லையே என்று கார்க் கதவில் பார்த்துக்கொண்டாள். கலையவில்லை.

“மூஞ்சியப் பாக்குறவன் ஜோட்ட பாக்க மாட்டான்,” என்பார் அப்பா. ஜோட் என்றால் இணைப்பு. போர்ட் பிளேரில் தச்சனும் வெல்டரும் தையல்காரனும் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அதை இந்தியில்தான் சொல்வான்.

குரோம் சட்டையில் ஜோட்டை மறைப்பதுதான் வேலையே. மற்ற ஸ்டிக்கரைச் சூடு காட்டி இழுத்து வளைவில் படிய வைக்கலாம். குரோமை இழுத்தால் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். ஆகவே வளைவு வருகிற இடத்தில் துண்டு போட்டே தீர வேண்டும். ஒரு துண்டின் ஓரத்தின்மேல் இன்னொன்றை இரண்டு விரல் ஏற்றி ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். மேலே ஒரு நாடா, அடியில் ஒரு நாடா, இரண்டு கழிவையும் உருவிவிட்டால் இரண்டு விளிம்பும் மயிரிழைகூட விடாமல் சேரும். சிக்கல் ஒன்றுதான். கத்தி இரண்டு தோலையும் அறுக்க வேண்டும்; அதற்கடியில் இருக்கும் பெயின்டைத் தொடக் கூடாது.

சென்னையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்த அருண்பிரசாத்துக்கு அது வரவில்லை. ஒருநாளும் கார் ஓட்டியிராத மாமனார் முத்துவீரனுக்கு முதல் நாளே வந்தது.

முத்துவீரன் சிலோன் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். ரப்பர் மரத்தின் பட்டையை அறுக்கலாம், உள்ளே இருக்கும் கட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும்; அப்புறம் அங்கே பால் கிடையாது. தன் கையால் ஒரு மரமும் காயம்பட்டதில்லை என்பது ஒன்றுதான் முத்துவீரன் உலகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்ட பெருமை. மற்றபடி எல்லோரும் எல்லாமும் அவருக்கு இளக்காரம். மருமகனை ‘ஸ்டிக்கரு’ என்பார். மகள் சமைத்ததை, ஒட்டியதை, எதைக் காட்டினாலும் “ம்” என்பார். அந்த ஒற்றை எழுத்துக்காக அவள் முப்பத்தி நாலு வயதுவரை எதையாவது செய்து காட்டிக்கொண்டே இருந்தாள்.

ரெண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் கச்சாலுக்குள் வந்து போனது. மிச்சமிருந்தவர்கள் போர்ட் பிளேருக்கு வந்து, ஊருக்கு வெளியே தகர ஷெட்டுகளில் தங்கினார்கள். ஷெட் போட்ட கான்ட்ராக்டர் இதே பக்தவத்சலம். கூரைக்கு மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் ஏறி உட்கார வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வழுக்கி இறங்கும். அவருடைய ஆட்கள் அவசரத்தில் மேல்தகட்டைக் கீழ்த்தகட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்கள். நாலு மழைக்காலம் வீட்டுக்குள் குடை பிடித்தார்கள். முதல் வருடமே முத்துவீரன் போய்ச் சொன்னார். “அரே, டெம்ப்ரவரி தானேப்பா,” என்றார் கான்ட்ராக்டர். அன்றிலிருந்து அப்பாவின் வாயில் அவர் பெயர் ‘தகரம்’.

அந்தத் தகரத்தின் வண்டிதான் போன வாரம் கொட்டகைக்கு வந்தது. பத்து வருடத்தில் அவருக்கு வயிறு மட்டும் மாறியிருந்தது. முத்துவீரனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“செய்யலாம்,” என்றார் அப்பா. “ஒன்னுமேல ஒன்னு எப்பிடி உக்காரணும்னு அந்த நாய்க்கு ஒருக்கா காட்டிப்புடுறேன்.”

தன்னை ஏற்றி வந்த ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பக்தவத்சலம் உள்ளே வந்தார். கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். டிரைவர் ராக்கப்பன் நீட்டிய மாலையை வாங்கிப் பிணத்தின் மார்பில் வைத்து, கைகூப்பிக் கண்ணை மூடினார். ராஜகுமாரி மனதுக்குள் எண்ணினாள். நாலு எண்ணுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்ன வயசு?”

“அறுபத்தி நாலு சார்,” என்றான் அருண்பிரசாத்.

“ப்ச். போற வயசா? அருணு, தப்பா நெனைக்காத. மெட்ராஸ்லேருந்து சம்பந்தி வீட்டுக்காரங்க ஒரு மணி பிளைட்ல வர்றாங்க. பொண்ணு பாக்க. ஏர்போர்ட்டுக்கு இந்த வண்டியிலதான் போகணும்னு வீட்ல சொல்லிட்டாங்க.”

“வண்டி ரெடி சார். நீங்க எடுத்துக்கிட்டுப் போகலாம்.”

இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். ஜன்னல் வழியாக ராஜகுமாரிக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது. கான்ட்ராக்டர் முதலில் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் கதவில் வயிற்றை எக்கிப் பார்த்தார். அப்படியே நடந்து வலது பின்பக்கம் வந்தவர், பக்கத் தகடு கூரைக்கு ஏறுகிற இடத்தில் நின்றார். விரலை வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார்.

“ஏ அருணு, யே க்யா ஹை? என்னது இது?”

மயிரிழை தெரியக் கூடாத ஜோட்டில் ஒரு செம்பழுப்புக் கோடு. மழைநீரில் கரைந்து அது கீழே சாயம் போலக் கொஞ்சம் வழிந்தும் இருந்தது. துரு. கத்தி பெயின்டைத் தாண்டித் தகட்டைக் கிழித்திருக்கிறது. கிழிந்த தகட்டை உப்புக் காற்று மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டது.

அருண்பிரசாத் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“அது... மாமா வெட்டுனது சார். கடைசில அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. வயசானவரு...”

முற்றத்தில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். முப்பது பேர் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் அவர் முகத்திலிருந்த கோபம் மெல்ல மாறி, மேடையில் உட்காரும்போது வைத்துக்கொள்கிற முகமாயிற்று.

“விடு,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “செத்தவர்மேல என்ன கோவம்? நான் மன்னிச்சுட்டேன். ராக்கப்பா, கேட்டியா? மன்னிச்சுட்டேன்.”

“பெரிய மனசு சார்,” என்றான் ராக்கப்பன். அவனுடைய வேலையில் அதுவும் சேர்த்தி.

அதோடு விட்டாரா? செருப்போடு வாசல்படி வரை வந்து, பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜகுமாரியின் அம்மா ரெங்கம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “அம்மா, உங்க வீட்டுக்காரர் என் வண்டியைக் கொஞ்சம் கெடுத்துட்டாரு. பரவால்ல. மனசுல வெச்சுக்கல. மன்னிச்சாச்சு. நிம்மதியா போகச் சொல்லுங்க.”

ரெங்கம்மா எதுவும் புரியாமல் கைகூப்பினாள். “எவ்வளவு பெரிய மனுசன்,” என்று அமிர்தவல்லி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

ராஜகுமாரி எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் ஒரு கால் மரத்துப்போயிருந்தது. உதறிவிட்டு வெளியே போனாள்.

அந்த ஜோட்டைப் பார்க்க அவளுக்குத் தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா ஐந்து ஜோட் முடித்துவிட்டு, “நெஞ்சு இறுக்கமா இருக்கு, இதக் காலையில வெட்டுறேன்,” என்று போய்ப் படுத்தார். மீதமிருந்தது இந்த ஒன்றுதான். திங்கள் காலையில் கத்தியோடு வந்தால் அது ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். காறித் துப்பினார். கத்தியை மடக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். துடைத்தால் போய்விடும் என்பது போல.

கொட்டகைக்குப் பின்னால் கணவனைப் பிடித்தாள்.

“அது நீங்க வெட்டுனது.”

“சத்தம் போடாத, ராஜி.”

“எப்ப போட்டேன்?”

“பாரு, எம்மேலன்னு சொன்னா நாளைக்கு எவன் வண்டி குடுப்பான்? கான்ட்ராக்டர் ஆளுங்க வண்டி மட்டும் மூணு இருக்கு. நாம பொழைக்கணும்ல. செத்தவருக்கு என்னடி ஆகப்போவுது? அவரு என்ன கேக்கவா போறாரு?”

“அவரு மன்னிக்கிறாருங்க. எங்கப்பாவ. தகரம் மன்னிக்கிது.”

“மன்னிச்சா நல்லதுதானே!”

அவன் நிஜமாகவே அப்படி நினைக்கிறான் என்று தெரிந்தபோதுதான் அவளுக்குக் கோபம் போய், அதைவிடக் குளிர்ந்த ஒன்று வந்தது. பதினோரு வருடம் இவனோடு குடித்தனம் நடத்தியதில் இவனை அடித்துவிடலாமா என்று பலமுறை தோன்றியிருக்கிறது. இன்று அதுகூடத் தோன்றவில்லை. அடிப்பதற்கும் ஒருவன்மேல் கொஞ்சம் மதிப்பு இருக்க வேண்டும்.

“கொள்ளிச்சட்டி நீங்கதானே தூக்கப் போறீங்க?”

“நான் இல்லாம? உங்கப்பனுக்கு வேற ஆம்பள யாரு இருக்கா?” என்றான். அதில் ஒரு நிமிர்வுகூட இருந்தது.

அவள் நேராகப் பாடை கட்டும் இடத்துக்குப் போனாள். அங்கே சண்முகம் மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார். கச்சாலில் அப்பாவுக்கு அடுத்த வரிசை மரங்களில் பால் வெட்டியவர். இப்போது ஒரு லாட்ஜில் வாட்ச்மேன்.

“சித்தப்பா, இங்க வந்து ஒரு ஜோட்டப் பாருங்க.”

“இப்பவா, பாப்பா?”

“இப்பத்தான்.”

சண்முகம் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். முன் பம்பரில் இரண்டு, இடது பின்பக்கம் ஒன்று, டிக்கியில் இரண்டு என்று ராஜகுமாரி விரல் வைத்துக் காட்டினாள். காட்டாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சண்முகம் நகத்தை வைத்துத் தடவித்தான் கண்டுபிடித்தார். ஐந்தும் முடிந்து மறுபடி வலது பக்கம் வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்பதால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இது முத்துவீரன் வெட்டில்ல.”

“தெரியும். எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லணும்.”

“நேரம் பாத்து சொல்லு. நான் நிக்கிறேன்.”

பதினொன்றரைக்கு எல்லாம் தயாராயிற்று. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். பாடையில் கிடத்தினார்கள். கான்ட்ராக்டர் இன்னும் போகவில்லை. துருவின்மேல் வெள்ளி நிற டேப் எதையாவது ஒட்டித் தரச் சொல்லி அருண்பிரசாத்தை, அவன் குளிக்கப் போகிற வரை நச்சரித்தார். அது சரிவராது என்று தெரிந்ததும், “சரி, ஏர்போர்ட்ல அந்தப் பக்கம் சுவரோரமா இருக்கிற மாதிரி நிப்பாட்டு,” என்று ராக்கப்பனிடம் வழி சொன்னார். ஒரு ஜோட்டை மறைப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

அருண்பிரசாத் தலை முழுகி ஈர வேட்டியோடு வந்து நின்றான். கயிற்றில் தொங்கிய கொள்ளிச்சட்டி புகைந்தது. அவன் கையை நீட்டினான்.

ராஜகுமாரி சட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சொல்லிட்டுத் தூக்குங்க.”

சங்கு ஊதுகிறவர் சங்கை வாயிலிருந்து எடுத்தார்.

“என்ன சொல்லணும்?” அருண்பிரசாத்தின் உதடு மட்டும் அசைந்தது.

“அந்த வலது பக்க ஜோட்ட யாரு வெட்டுனதுன்னு.”

“ராஜி, இதென்ன நேரம்...”

“இதான் நேரம். அப்பா இன்னும் வீட்டுலதான் இருக்காரு.”

“ஏம்மா,” என்று கான்ட்ராக்டர் முன்னால் வந்தார், “அதான் மன்னிச்சுட்டேனே. எதுக்கு அதையே பேசிக்கிட்டு?”

“நீங்க மன்னிச்சதுதான் சார் பிரச்சன.”

அவருக்குப் புரியவில்லை. இந்த ஊரில் அவர் எத்தனையோ விஷயத்துக்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். மன்னித்ததற்கு வாங்கியதில்லை.

சண்முகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். “இங்க பாருங்க. ரப்பர் மரத்துல பால் எப்பிடி எறங்கும்? எடது மேல, வலது கீழ. உலகத்துல எங்க போனாலும் ஒரே சரிவுதான். முப்பது வருசம் அப்பிடியே வெட்டுன கை. வேற பக்கம் இழுக்கச் சொன்னா அவனுக்கு வராது. சோத்தக்கூட அப்பிடித்தான் பெசைவான். இந்த வண்டியில அஞ்சு ஜோட்டு எடதுலேருந்து வலது பக்கமா எறங்குது. வந்து நகத்த வெச்சுப் பாருங்க. இது ஒன்னுதான் வலதுலேருந்து எடது பக்கமா எறங்குது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரே மாதிரி இருக்கணும்னு எவனோ அழகு பாத்து வெட்டிருக்கான். முத்துவீரன் அழகு பாக்குறவன் இல்ல.”

இரண்டு பேர் நிஜமாகவே போய் நகத்தை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஐந்தாறு பேர். காலையிலிருந்து அந்த வண்டியில் தங்கள் மூஞ்சியை மட்டுமே பார்த்தவர்கள், முதல் தடவையாக வண்டியைப் பார்த்தார்கள். “ஆமா... இது அந்தப் பக்கம் போவுது,” என்றது ஒரு குரல். “அரே வாஹ்,” என்றது இன்னொரு குரல், ஐந்து ஜோட்டில் ஒன்றைத் தடவிவிட்டு.

“இன்னும் சொல்லலேன்னா, சண்முகம் சித்தப்பா சட்டி தூக்குவாரு,” என்றாள் ராஜகுமாரி. “நீங்க பின்னால நடந்து வாங்க. எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. பதில் சொல்லிக்கிட்டே வாங்க.”

அருண்பிரசாத் சட்டியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கான்ட்ராக்டரைப் பார்த்தான்.

“மேரே ஹாத் ஸே ஹுவா, சார்,” என்றான். என் கையால் ஆனது. தமிழில் சொன்னால் முழுக் குற்றம், இந்தியில் சொன்னால் பாதி என்று நினைத்தானோ என்னவோ. அந்த முற்றத்தில் இந்தி தெரியாதவர் ஒருவரும் இல்லை.

கான்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “டீக் ஹை, டீக் ஹை. அப்ப உன்னையும் மன்னிச்சுட்டேன். போதுமாம்மா?”

“அவர எப்பிடி வேணா பண்ணிக்கோங்க. அப்பாவுக்குக் குடுத்தத திருப்பி எடுத்துக்குங்க.”

“எதை?”

“மன்னிப்ப.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்தவத்சலத்தின் காது சிவந்தது. இத்தனை பேர் முன்னால் ஒரு ஸ்டிக்கர் கடைக்காரி. ஆனால் மணி பதினொன்று ஐம்பது. திட்டினால் நேரமாகும், விட்டுக்கொடுத்தால் சீக்கிரம் போகலாம். கணக்குப் பார்த்து முடித்தார்.

“எடுத்துக்கிட்டேன்.”

“என்ன எடுத்துக்கிட்டீங்க?”

“மன்னிப்பை எடுத்துக்கிட்டேன். முத்து... முத்துவேலு...”

“முத்துவீரன்.”

“முத்துவீரன் ஒன்னும் கெடுக்கல. போதுமா? ராக்கப்பா, வண்டிய எடு, வண்டிய எடு!”

ராஜகுமாரி ஒதுங்கி வழிவிட்டாள். அருண்பிரசாத் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். அவன் கை நன்றாகவே நடுங்கியது. அவள் அதை வேடிக்கை பார்த்தாள்.

ராக்கப்பன் வண்டிக்குள் ஏறி ஸ்டார்ட் செய்தான். முற்றத்திலிருந்து தெருவுக்கு ஒரே வாசல். தெருவும் ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் மலைச்சுவர், இன்னொரு பக்கம் ஓடை. மெயின் ரோட்டுக்கு இறங்க முக்கால் கிலோமீட்டர்.

“ஒரு நிமிசம், வண்டி வெளிய போயிடட்டும்,” என்று கான்ட்ராக்டர் கையைக் காட்டினார். பாடையைத் தூக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்து சண்முகத்தைப் பார்த்தார்கள். சண்முகம் ராஜகுமாரியைப் பார்த்தார்.

“அப்பா முதல்ல போகட்டும்,” என்றாள்.

“தூக்குங்கப்பா!” என்றார் சண்முகம்.

சங்கு முழங்கியது. பெண்கள் அலறினார்கள். நாலு தோள்களில் முத்துவீரன் எழுந்து, வாசலைத் தாண்டி, தெருவின் நடுவில் இறங்கினார். அவர் பின்னால் அறுபது எழுபது பேர் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். கடைசி ஆள் வெளியே போன பிறகுதான் ராக்கப்பனால் வண்டியை வாசலுக்குக் கொண்டுவர முடிந்தது. ஹாரனில் கை வைத்தான். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கான்ட்ராக்டர் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி ஊர்ந்தது. சண்முகம் அடிக்கடி பாடையை நிறுத்தித் தோள் மாற்றச் சொன்னார். தேவையில்லாத இடத்தில்கூட.

பெண்கள் வாசலைத் தாண்டிப் போகக் கூடாது. ராஜகுமாரி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கீழே வளைந்து இறங்கும் தெருவில் பாடை, கூட்டம், அதன் பின்னால் வெயிலையும் மரங்களையும் மனிதர்களின் முதுகுகளையும் சுமந்துகொண்டு பளபளவென்று அந்த வண்டி. முன்னால் வாரி இறைத்துக்கொண்டு போன பூவும் பொரியும் காற்றில் திரும்பி வந்து அதன் பானெட்டில் விழுந்தன.

ரெங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். அவளுக்கு முற்றத்தில் நடந்தது பாதி கேட்கவில்லை, கேட்டது பாதி விளங்கவில்லை.

“அந்தக் கார்க்காரரு கடைசி வரைக்குமா கூடப் போறாரு?”

“போறாரும்மா.”

“நல்ல மனுசன்.”

உள்ளே வீடு கழுவ அமிர்தவல்லி குடத்தைக் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழே, இரண்டாவது வளைவில், பாடை மறுபடி நின்றது. வண்டியும் நின்றது. முன்கண்ணாடியில் பொரி நிறைந்து வழி மறைத்தது போலிருக்கிறது. வைப்பர் ஒருமுறை எழுந்து, மெதுவாகத் துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.